ஒரே ஆண்டில் ஆறு பேர்

‘ஹூப்ஸ் டைனஸ்டி’ என்னும் இணைய விளையாட்டில் ஆடுபவர் ஓர் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளராகிறார். அணிக்கு 12 உதவித்தொகை இடங்கள். ஒரு வீரருக்கு நான்கு ஆண்டு ஆட்டம். ஆண்டுக்கு மூன்று பேர் போக, மூன்று பேர் வருவதுதான் இயல்பான கணக்கு. கைதேர்ந்தவர்களில் பலர் அதைத் தெரிந்தே கலைக்கிறார்கள்: ஓராண்டு ஆறு பேர், அடுத்த ஆண்டு யாருமில்லை, மறுபடி ஆறு பேர். காலி இடங்கள் கூடக் கூட ஆள்சேர்ப்புப் பணமும் கூடும் என்பதுதான் இதன் சூட்சுமம். அந்தப் பணத்தை ஆறு பேருக்கும் பங்குபோடத் தேவையில்லை. பெரும்பகுதியை இரண்டு சிறந்த வீரர்கள்மீது கொட்டினால், மூன்று இடம் மட்டுமே வைத்திருக்கும் போட்டியாளர் ஈடுகொடுக்க முடியாது. மீதி நான்கு இடங்களுக்கு, யாரும் சீந்தாத, ஆனால் வளரக்கூடிய பையன்கள் மலிவாகவே கிடைப்பார்கள். இந்தக் கணக்கில் பிழையில்லை. இந்த வழியின் உண்மையான பலம் இதுதான்.

பிழை இருப்பது காலத்தில். ஆண்டுக்கு மூவரை எடுப்பவர் ஒருவரைத் தவறாக மதிப்பிட்டால் அடுத்த ஆண்டே திருத்திக்கொள்ளலாம். ஆறு பேரை ஒருசேர எடுப்பவருக்கு அடுத்த ஆண்டு வாசலே மூடியிருக்கும். பந்தைக் கொண்டுசெல்லும் இரண்டு கார்டுகளும் ஒரே ஆண்டில் சேர்ந்த வகுப்பாக இருந்து ஒன்றாக விடைபெற்றால் என்ன ஆகும்? மறு பருவத்தில், எதிரணி மைதானம் முழுக்க நெருக்கும்போது, அணியின் ஆட்டமுறையே இன்னும் பிடிபடாத முதலாண்டுப் பையன் கையில் பந்து இருக்கும். பந்து பறிபோவது பாதி அவன் திறமைக் குறைவால். மீதி, அந்த முறையில் அவனுக்குப் பயிற்சி இல்லாததால். திறமையைப் பணத்தால் ஈர்க்கலாம், பழக்கத்தை முடியாது.

நிஜக் களமும் இதையே காட்டுகிறது. 2004இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ஜோகிம் நோவா, அல் ஹார்ஃபர்ட், கோரி ப்ரூவர், டோரியன் கிரீன் நால்வரும் ஒன்றாக வந்தார்கள். 2006, 2007 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம். 2007இல் நால்வரும் ஒன்றாகவே வெளியேறினார்கள். அடுத்த இரண்டு ஆண்டும் அந்த அணிக்குத் தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை. ‘இரண்டு பட்டத்துக்கு இரண்டு வறட்சி ஆண்டு கொடுத்தால் என்ன?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2006இல் வென்ற கையோடு அவர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகாமல் கல்லூரிக்குத் திரும்பியது அவர்களின் சொந்த விருப்பம். பயிற்சியாளர் போடும் எந்தத் திட்டத்தாலும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது. அந்த இணைய விளையாட்டிலும், உச்ச நிலையான முதல் பிரிவில் சிறந்தவர்கள் பாதியிலேயே கிளம்பிவிடுவதுண்டு. அப்போது முதலுக்கே மோசம்.

அதற்காக ஆறு பேர் வகுப்பைக் கைவிடச் சொல்ல மாட்டேன், அதைப் பிரிக்கவே சொல்வேன். இருவரை ‘ரெட்ஷர்ட்’ செய்து, அதாவது ஓராண்டு ஆடவிடாமல் பயிற்சியில் மட்டும் வைத்தால், ஆறு என்பது நான்கும் இரண்டுமாகும். பண அனுகூலம் கையிலேயே இருக்கும், ஒரேயடியாகக் காலியாவது தவிரும். வில்லனோவா பல்கலைக்கழகத்தில் மிகல் பிரிட்ஜஸ் முதலாண்டை இப்படித்தான் கழித்தார். ஃபில் பூத் முழங்கால் காயத்தால் பின்னர் ஒரு பருவத்தை இழந்தார். 2018இல் தேசியப் பட்டம் வென்றதும் பிரிட்ஜஸ், ஜேலன் பிரன்சன் உட்பட நால்வர் கிளம்பினர். ஆனால் காயத்தால் ஓராண்டு தள்ளிப்போன பூத் இருந்தார், வேறு கல்லூரியிலிருந்து மாறிவந்து ஓராண்டு காத்திருந்த எரிக் பாஸ்கலும் இருந்தார். 2019இல் அந்த அணி தன் கூட்டமைப்பான பிக் ஈஸ்டின் பட்டத்தை மறுபடி வென்றது. காயம் யாரும் போட்ட திட்டமல்ல. ஆண்டுகள் பிரிந்து நின்றதன் பலன் மட்டும் தெளிவு. ரெட்ஷர்ட் செய்தால் வீரர் மனம் கோணுவாரே என்பார்கள். நட்சத்திரத்தை உட்காரவைத்தால் கோணுவார்தான். எப்படியும் பெஞ்சிலேயே இருக்கப்போகும் அந்த மலிவான பையன்களில் இருவரிடம், சேர்க்கும்போதே சொல்லிவிட்டால் சிக்கல் குறையும். தொழில்முறை ஆட்டத்துக்காக யாரும் பாதியில் போகாத, விளையாட்டின் மூன்றாம் பிரிவில் இவ்வளவு எச்சரிக்கை வேண்டாம். அங்கே ஆறு பேரையும் ஒன்றாகவே வளர்க்கலாம்.