தட்டு: பதிலைக் கேட்கும் சொல்

நூம்பல், வேலப்பன்சாவடி, வானகரம் என்று பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதிகளின் கார் பட்டறைகளில் 'டொக்கு எடுப்பது' என்றொரு வேலை உண்டு. நசுங்கிய கதவுத் தகட்டின் உட்புறம் டாலி என்னும் இரும்புக் கட்டையை அண்டக் கொடுத்து, வெளியே சிறு சுத்தியால் தட்டுவார்கள். ஓங்கி அடித்தால் தகடு நீண்டுவிடும். பள்ளம் இருந்த இடத்தில் மேடு எழும்பும். சுத்தி விழும் இடத்துக்கு நேர் பின்னே டாலி பொருந்தியிருந்தால் கணீரென்று கேட்கும், விலகியிருந்தால் மந்தமாகக் கேட்கும். அந்த வேறுபாட்டைக் காதில் வாங்கிக்கொண்டுதான் கை அடுத்த தட்டுக்குப் போகிறது. மானாமதுரையில் கடம் செய்கிற குயவரின் வேலையும் இப்படித்தான். சக்கரத்தில் வனைந்த ஈரப் பானைக்குள் ஒரு கல்லை அண்டக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை இறுக்கிச் சீராக்குகிறார். இரும்புக்கும் மண்ணுக்கும் பொதுவான இந்தச் செயலுக்குத் தமிழில் பெயர் தட்டுதல். அடித்தலிலிருந்தும் மோதலிலிருந்தும் இதைப் பிரிப்பது ஒன்றுதான்: அளவறிந்து தொட்டு, எதிரில் இருப்பதன் பதிலைக் கேட்பது. இந்தச் சொல்லுக்கு இன்று வழங்கும் பல பொருள்களுக்கும் அடியில் ஓடுவது அந்தக் கேட்டல்தான் என்பது என் வாதம்.

சொல்லின் பிறப்பே ஒலியில் இருக்கிறது. அதை உச்சரிக்கையில் நாக்கு முதலில் பல்லைத் தொடுகிறது, பிறகு மடிந்து மேலண்ணத்தில் பட்டு விடுபடுகிறது. பெயர் சொல்லும்போதே வாய் அந்தச் செயலைச் செய்துவிடுகிறது. ஒலியைப் போலச் செய்யும் சொற்கள் நம்மிடம் ஏராளம். ஆனால் சலசல, கடகட போன்ற இரட்டைக்கிளவிகள் ஒரு வரம்புக்குள் நிற்பவை. பிரித்தால் அவை பொருள் தருவதில்லை என்பதைத் தொல்காப்பியமே வகுத்துச் சொல்லிவிட்டது. 'தட்டு' அந்த வரம்பைத் தாண்டி முழு வினையாகிவிட்டது. காலம் காட்டும், எதிர்மறை ஏற்கும், எல்லாவற்றுக்கும் மேலாக வேறு வினைகளோடு கைகோக்கும். இதன் பொருள் வளத்தின் ஊற்று அந்தக் கைகோப்புதான்.

தட்டிக் கொடு, தட்டிக் கேள், தட்டிக் கழி, தட்டிப் பறி, தட்டிப் பார், தட்டி எழுப்பு என்று அடுக்கிப் பார்த்தால், பின்னால் வரும் வினை ஒவ்வொன்றும் பதிலை ஒவ்வொரு திசையில் தேடுவது தெரியும். தட்டிக் கொடுப்பவர் எதிராளியிடமிருந்து ஊக்கத்தை வரவழைக்கிறார். தட்டிக் கேட்பவர் அநியாயம் செய்தவரிடம் கணக்குக் கேட்கிறார். தட்டிக் கழிப்பவருக்கோ வரக்கூடிய பதிலே வேண்டாம். 'தட்டிக் கேட்டார்' என்பதில் ஒரு சொல்லை மாற்றி 'அடித்துக் கேட்டார்' என்று வைத்தால் நியாயம் கேட்டவரே வன்முறையாளர் ஆகிவிடுகிறார். இரண்டு வினைகளுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கையே இல்லாத இடங்களிலும் இந்த அளவு குலைவதில்லை. கரைதட்டிய கப்பல் உடைந்த கப்பல் அல்ல. தரை தொட்டதை உணர்ந்து நின்றுவிட்ட கப்பல். மனத்தில் பொறி தட்டுகிறது, வேலையில் சலிப்புத் தட்டுகிறது, தேடிய பொருள் கண்ணில் தட்டுப்படுகிறது. எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று நம்மை லேசாகத் தொட்டு, தான் வந்திருப்பதைத் தெரிவிக்கிறது.

தட்டுவது அறிவதற்கான வழி என்பது தமிழர் மட்டும் கண்டதல்ல. ஆஸ்திரியாவில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த லியோபோல்ட் ஆவன்ப்ரக்கர் என்ற மருத்துவர், நோயாளியின் மார்பில் விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளிருக்கும் நோயை அறியும் முறையை 1761இல் நூலாக வெளியிட்டார். மதுப் பீப்பாயைத் தட்டி, திரவம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கண்டுகொள்ளும் பழக்கத்தோடு அதை இணைத்துச் சொல்வதுண்டு. வேலப்பன்சாவடி மருத்துவக் கல்லூரி மாணவரும் இன்று அதைத்தான் கற்கிறார்: காற்று நிறைந்த நுரையீரல் முழங்கும், நீர் கோத்த இடம் மந்தமாகும். ஆடற்கலையின் அரிச்சுவடியும் இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. பரதத்தில் முதலில் பயில்வது தட்டடவு. அரைமண்டியில் அமர்ந்து, பாதம் முழுவதும் தரையில் பதியத் தட்ட வேண்டும். நட்டுவனாரின் தட்டுக்கழி ஒலியோடு அந்தத் தட்டு ஒன்றிப் போக வேண்டும். குதிகால் முந்தினாலோ விரல் பிந்தினாலோ ஓசை பிளந்து குறையைச் சொல்லிவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சாப்பிடும் தட்டும் தட்டுப்பாடும் இதில் எங்கே சேரும்? வேர் வேறான சொற்கள் ஒலியால் ஒன்றுபோலத் தோன்றுவதை ஒரே குடும்பம் என்று கொள்ளலாமா? நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் தண்ணீர்க் குழாயைக் குறிக்கும் 'டேப்'பும் விரலால் தொடுவதைக் குறிக்கும் 'டேப்'பும் உருவில் ஒன்று; பிறப்பில் வேறு. தட்டுப்பாட்டில் 'தடு', 'தடை' ஆகியவற்றின் சாயல் தெரிவதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பேசுபவர்கள் வேர்களை ஆராய்ந்துவிட்டுப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் அந்த இரண்டு 'டேப்'களும் ஒன்றையொன்று தொடாமலே வாழ்கின்றன. தமிழிலோ வழக்கு இந்தச் சொற்களை நெருக்கிக் கொண்டுவந்திருக்கிறது. 'பெரியவர் சொல்லைத் தட்டாதே' என்பதில் தடுத்தலும் இருக்கிறது, கையால் ஒதுக்கித் தள்ளும் அசைவும் இருக்கிறது. எது முந்தியது என்று பிரிக்க முடியாதபடி இரண்டும் கலந்துவிட்டன. தட்டையான பாத்திரத்துக்கு வந்த பெயரையும், தகட்டைத் தட்டித் தட்டையாக்கும் கைவேலை பக்கத்திலேயே இருந்து தாங்குகிறது. வேரில் ஒருமை உறுதிப்படாவிட்டாலும் வழக்கில் ஒருமை உண்டு. ரசனைக்கு அடிப்படையாக அது போதும்.

இன்னொரு மறுப்பும் சொல்லலாம்: ஒலியில் பிறந்த சொல் குழந்தைத்தனமானது, நுட்பமான சிந்தனையைத் தாங்காது. இதற்குக் கைபேசித் திரை விடை சொல்கிறது. கண்ணாடியில் விரல் படும்போது காதில் விழும்படி ஒலி ஏதும் இல்லை. ஆனாலும் 'திரையைத் தட்டு' என்கிறோம். பிறப்பித்த ஒலியே மறைந்த பிறகும் சொல் நிற்கிறது. தொட்டுப் பதில் பெறுவது என்ற கருத்து அதற்குள் அவ்வளவு உறுதியாகிவிட்டது. ஓசையிலிருந்து கருத்துக்கு இவ்வளவு தூரம் வந்த சொல்லை எளியது என்று சொல்லலாம், சிறியது என்று சொல்ல முடியாது.

ஆகவே எழுதுபவர்கள் இதன் அளவை மதிக்க வேண்டும். 'வாழ்நாள் சாதனையாளர் விருதைத் தட்டிச் சென்றார்' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. தட்டிச் செல்வதில் போட்டியின் விரைவும் கைக்கு முந்திய கையும் இருக்கின்றன. கோலப் போட்டிப் பரிசுக்கும் ஓட்டப் பந்தயக் கோப்பைக்கும் அது அழகாகப் பொருந்தும். ஐம்பது ஆண்டு உழைப்பைத் தேடி வரும் விருதை யாரும் தட்டிச் செல்வதில்லை; பெறுகிறார்கள். தகட்டுக்கு எவ்வளவு விசை என்று பட்டறைக்காரர் ஒலி கேட்டுத் தீர்மானிப்பது போல, வாக்கியத்துக்கு இந்தச் சொல் தகுமா என்பதையும் காதில் வாங்கிப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.