கயிறு பேசிய மாடி: பாரதியாரின் வசன கவிதையில் வியப்பு

புதுவை முத்தியாலுப்பேட்டையைக் கடந்தால் கோட்டக்குப்பம். அங்கிருந்து கடலோரமாகவே வடக்கு நோக்கிச் செல்வோர் மரக்காணத்து உப்பளங்களை அடைவர். பாரதியார் புதுவையில் வாழ்ந்த காலத்தில் (1908–1918) கோட்டக்குப்பம் பிரெஞ்சு ஆட்சி முடிந்து ஆங்கில ஆட்சி தொடங்கும் எல்லை. அவ்வெல்லைக்கு அப்பால் அவருக்குச் சுதந்தரம் இல்லை. 1918 நவம்பரில் தெற்கே கடலூர்ப் பக்கமாக வெளியேறியவுடன் அவர் கைதுசெய்யப்பட்டமை நாம் அறிந்ததே. வசன கவிதையைப் படிக்குங்கால் இவ்வெல்லையை மறத்தலாகாது. ஞாயிறு, காற்று, கடல் என்று உலகனைத்தையும் கண்டு களித்தவர் சிற்றூர் ஒன்றில் அடைபட்டுக் கிடந்த மனிதர்.

‘காற்று’ என்னும் பகுதியில் ஒரு வீட்டு மாடி. அதில் ஓர் ஓலைப்பந்தல். மூங்கிற்கழியில் கட்டியது போக எஞ்சிய கயிறு ஒரு சாண் அளவு தொங்குகிறது. அதற்கு அருகே முக்கால் சாணில் மற்றொன்று. ஒன்று கந்தன், மற்றது வள்ளியம்மை. இருவரும் கணவன் மனைவியர். கயிறு பேசுமா என்று ஐயுறுவோரிடம் கவிஞர் வாதிடவில்லை. பேசிப் பார்க்கும்படி அழைக்கிறார். அது மகிழ்ச்சியாயிருக்கும் நேரம் பார்த்துப் பேசவேண்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்குவோரும், உபநிடதத்தின் உருவகம் என்று உயர்த்துவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் கயிற்றைப் பார்ப்பதில்லை. இவ்வியப்பின் உயிர் அந்த ஒரு சாணிலும் முக்கால் சாணிலும் உள்ளது. பிள்ளைகள் இவ்வாறே நோக்குவர்: அளவு பிசகாமல், அவசரமின்றி.

ஆயினும் காற்றுத் தேவன் தோன்றிப் பிராண சக்தியைக் குறித்து விரிவுரை ஆற்றும்போது இப்பகுதி தளர்கிறது என்பதே எம் கருத்து. கண்டதன் பொருள் இதுவென்று கூறப்பட்டவுடன் கயிறு மறைந்து கோட்பாடு எஞ்சுகிறது. (பிரசங்கிமாராகிய நாம் இதற்காகக் கவிஞரைக் கடிந்துகொள்ள அதிகத் தகுதியுடையோர் அல்லர். காட்டுப்புஷ்பங்களைக் கவனிக்கும்படி ஆண்டவர் கூறினார்; நாமோ அவற்றை மூன்று தலைப்புகளாகப் பிரித்துவிட்டோம்.)

இதனினும் கடினமான வினா ஒன்று உண்டு. நலிந்த வீட்டையும் நலிந்த உடலையும் காற்று நொறுக்கிவிடும். ஆகையால் உறுதியாகக் கட்டுக என்று அதே பகுதி அறிவுறுத்துகிறது. இது ஏட்டறிவன்று. ‘புயற்காற்று’, ‘பிழைத்த தென்னந்தோப்பு’ ஆகிய பாடல்கள் காட்டுவதுபோல, நள ஆண்டு கார்த்திகையில், அதாவது 1916 நவம்பரில், அடித்த புயலை அவர் கண்ணாரக் கண்டவர். அடிமைப்பட்டுச் சோர்ந்த சமுதாயத்தை எழுப்பும் குரல் அது என்பதும் மெய்யே. ஆனால் கோட்டக்குப்பம் கடற்கரையில் நின்று இவ்வரிகளைப் படித்தபோது எம்மால் எளிதில் அப்பால் செல்ல முடியவில்லை. 1980களின் பிற்பகுதியில் புதுவைத் துறைமுகத்திற்கு அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கு நோக்கி நகரும் மணல் அவற்றால் தடைப்பட, வடபுறத்து மீனவர் குப்பங்களின் கரையைக் கடல் அரித்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை. 2011 டிசம்பரில் தானே. 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல். இங்கே வீடு நலிந்திருப்பது கட்டியவன் சோம்பலால் அன்று. உப்பளத்தில் வெயிலும் வெண்மையும் கண்ணைக் கூசவைக்க வாருகோலால் உப்பை வாருகிற பெண்ணிடம், உடலை உறுதியாக்கிக்கொள் என்று காற்று கூறுமாயின், அக்காற்று வலியவர் பக்கம் நிற்கிறது.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் பிள்ளை நடுவே நிறுத்தப்படும் சூழலை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். எவன் பெரியவன் என்ற சீஷரின் கேள்விக்கு விடையாகவே அப்பிள்ளை நிற்கிறது. அங்குப் புகழப்படுவது கள்ளமின்மையோ கற்பனை வளமோ அன்று. பிள்ளையின் தாழ்வு, உரிமை கோர இயலாத நிலை. ருடால்ஃப் ஓட்டோ தமது ‘புனிதம்’ என்னும் நூலை வெளியிட்ட ஆண்டு 1917. இறைமுன் நிற்பவனை நடுங்கவைப்பதும் கவர்ந்திழுப்பதும் ஒன்றே என்றார் அவர். பாரதியாரிடம் கவர்ச்சி மிகுதி. நடுக்கம் புயற்பாடல்களில் மட்டும் தலைகாட்டுகிறது. வளர்ந்த மனிதன் மீட்டுக்கொள்ள வேண்டிய வியப்பு யோபுவின் வியப்பை ஒத்தது என்போம். அவனும் பெருங்காற்றின் நடுவிலிருந்தே கேட்டான்; ஆனால் வீடிடிந்து பிள்ளைகள் மடிந்தபின் கேட்டான்.

இவ்வாறு கூறுவதால் கந்தனும் வள்ளியம்மையும் எமக்குச் சிறியராகிவிடவில்லை. கோட்டக்குப்பத்தில் வலை காயும் கொட்டகை ஒன்றின் கழியில் அறுந்த நைலான் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. எம்முடன் வந்த மாணவர் ஒருவர், சாண் வைத்து அளந்தார். ஒன்றேகால் சாண் இருந்தது.