புதிய ஒட்டு, பழைய வேர்

ஏற்காட்டு மலையில் ஆரஞ்சு, எலுமிச்சைக் கன்றுகளை வாங்கி நட்டவர்களுக்கு ஒட்டுச்செடி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. நோய் தாங்கும் ஒரு நாட்டுச் செடியின் வேர்த்தண்டில் நல்ல ரகத்தின் மொட்டை வைத்துக் கட்டுகிறார்கள். பழத்தைப் பார்க்கிறவர் கண்ணுக்கு மேலே உள்ள ரகம்தான் தெரியும். நீரும் உப்பும் மண்ணிலிருந்து ஏறுவதோ கீழே உள்ள வேர் வழியாக. வேர் அழுகினால், மேலே கட்டிய மொட்டு எவ்வளவு உயர்ந்த ரகமாயினும் மரம் பட்டுப்போகும்.

நம் சட்டைப்பையில் உள்ள கைபேசியும் இத்தகைய ஒட்டுச்செடிதான். அதன் மேல் ஒட்டை மாற்றுவது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. கூகுள், ஆப்பிள் என்ற இரு நிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபட, லினக்சை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளங்கள் பல வந்துள்ளன. உபுண்டு டச், செயில்ஃபிஷ், போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ். என்பவை அவற்றுள் சில. சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து 2023 ஜனவரியில் பாரோஸ் அறிவிக்கப்பட்டது. "முற்றிலும் திறந்தது", "முற்றிலும் பாதுகாப்பானது" என்றெல்லாம் இவற்றைப் பற்றிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த "முற்றிலும்" என்ற சொல்லைத்தான் இக்கட்டுரை சற்றுக் கிண்டிப் பார்க்கிறது.

சேர்வராயன் மலைக் கிராமம் ஒன்றில் பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். அண்ணன் கைவிட்ட பழைய ரெட்மி 2 கைபேசி அவளிடம் இருக்கிறது. 2015-ல் இந்தியாவில் 6,999 ரூபாய்க்கு வந்த மாதிரி அது. திரை நன்றாக இருக்கிறது, பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தயாரிப்பாளரிடமிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. புதிய கைபேசி வாங்க வீட்டில் வசதியில்லை. இதில் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினால் மீண்டும் பாதுகாப்பான புதுக் கைபேசி ஆகிவிடுமா? நியாயமான கேள்வி. இதற்கு நேர்மையான விடை சொல்ல, கைபேசியின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கைபேசி என்பது ஒரு கணிப்பொறி என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். உண்மையில் அது பல கணிப்பொறிகள் கூடிவாழும் வீடு. நீங்கள் தொடும் திரைக்குப் பின்னால் ஒரு பெரிய செயலி இயங்குகிறது. நாம் "இயங்குதளம்" என்பது அதில் ஓடுவதுதான். கோபுரத்தோடு பேசும் மோடம் தனியான ஒரு கணிப்பொறி. வைஃபை, புளூடூத் பகுதிக்கும் தனி மூளை உண்டு. படம் வரைவதற்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, ரகசியச் சாவிகளைக் காப்பதற்கு ஒன்று. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரல் உண்டு. வன்பொருளோடு ஒட்டிப் பிறந்த அந்த நிரல்களைத்தான் ஃபர்ம்வேர் அல்லது நிலைபொருள் என்கிறோம். ஏறத்தாழ எல்லாக் கைபேசிகளிலும் இவற்றின் மூல நிரல் மூடியே இருக்கிறது. சில்லு செய்தவர் தவிர வேறு எவரும் அதைப் படிக்கவோ திருத்தவோ முடியாது. யாராவது அரும்பாடுபட்டுப் புதிதாக ஒன்றை எழுதினாலும், கடைகளில் விற்கும் பெரும்பாலான கைபேசிகளின் சில்லு அதை ஏற்காது. தயாரிப்பாளரின் மின்கையொப்பம் இல்லாத நிரலைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடும்படி அது செய்யப்பட்டிருக்கிறது.

மாற்று இயங்குதளம் போடும்போது மாறுவது முதல் கணிப்பொறியின் நிரல் மட்டுமே. மற்றவை அப்படியே பழையபடி கிடக்கும்.

முதல் கணிப்பொறியாவது முழுமையாக மாறுகிறதா என்றால், பல வேளைகளில் அதுவும் இல்லை. லினக்சின் நடுப்பகுதியாகிய கெர்னல், வன்பொருளோடு பேச இயக்கி நிரல்கள் தேவை. சில்லு நிறுவனங்கள் தமக்கு வேண்டிய இயக்கிகளை ஏதோ ஒரு பழைய கெர்னலுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த சில்லுக்குப் போய்விடுகின்றன. எனவே உபுண்டு டச் போன்றவை ஒரு குறுக்குவழியைக் கையாளுகின்றன. ஆண்டிராய்டுக்காகச் செய்த அந்தப் பழைய கெர்னலையும் மூடிய இயக்கிகளையும் அடியில் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே தம் இயங்குதளத்தை நிறுத்துகின்றன.

ஒன்பிளஸ் ஒன் என்ற கைபேசியை எடுத்துக்கொள்வோம். 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. உபுண்டு டச் அன்பர்களின் செல்லப்பிள்ளையாகப் பல காலம் இருந்தது. அதன் கெர்னல் 3.4. லினக்ஸ் 3.4 வெளியானது 2012 மே மாதத்தில். அதற்கான பராமரிப்பு 2016 அக்டோபரில் முடிந்துவிட்டது. ஆக, "புதிய" இயங்குதளத்தை ஏற்றிய அன்றைக்கே அதன் வேர் காலாவதியாகிவிட்ட வேர்.

மேல் தளத்திலும் தூசி படிவதுண்டு. கனோனிக்கல் நிறுவனம் 2017 ஏப்ரலில் உபுண்டு டச்சைக் கைவிட்டபின், யூபிபோர்ட்ஸ் என்ற தன்னார்வலர் கூட்டம் அதை ஏற்று நடத்துகிறது. அவர்கள் உழைப்பு போற்றத்தக்கது. கூலி இல்லாமல் இவ்வளவு செய்கிறார்களே என்று வியக்கத் தோன்றும். ஆயினும் கணக்கு கணக்குதான். அடிப்படையாக இருந்த உபுண்டு 16.04-க்குப் பொது ஆதரவு 2021 ஏப்ரலில் முடிந்தது. உபுண்டு டச் அடுத்த அடிப்படையான 20.04-க்கு மாறியது 2023 மார்ச்சில். இடையே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள். பின்லாந்தின் செயில்ஃபிஷ் கதை வேறு வகை. இன்டெக்ஸ் என்ற இந்திய நிறுவனம் 2016-ல் அக்வா ஃபிஷ் என்ற பெயரில் 5,499 ரூபாய்க்கு அதைக் கைபேசியில் விற்றது நினைவிருக்கலாம். திரைக்காட்சிகளை அமைக்க அது பயன்படுத்தும் கியூட்டி என்ற கருவித்தொகுதியின் 5.6 பதிப்பு 2016 மார்ச்சில் வந்தது. ஆதரவு 2019 மார்ச்சில் முடிந்தது. அடுத்த பதிப்பில் உரிமநிபந்தனை கடுமையாகிவிட்டதால், அதன்பின்னும் பல ஆண்டுகள் செயில்ஃபிஷ் 5.6-ஐ விட்டு நகரவில்லை. இங்கே தடையாக நின்றது தொழில்நுட்பம் அன்று, உரிமச் சட்டம். இன்னொரு வேடிக்கை: செயில்ஃபிஷ்ஷின் முகப்பு நிரலே மூடிய நிரல்தான்.

இத்தகைய மாற்று இயங்குதளங்களுள் நம் நாட்டில் மிகப் பரவலாகப் போய்ச் சேர்ந்தது எது தெரியுமா? 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு 2017-ல் வந்த ஜியோபோன். பொத்தான் கைபேசி போலத் தோன்றினாலும் அதில் ஓடியது லினக்சைக் கருவாகக் கொண்ட காய் ஓ.எஸ். அதன் 2.5 பதிப்பில் உள்ள உலாவி இயந்திரம் ஃபயர்ஃபாக்ஸ் 48-ஐச் சேர்ந்தது. அதாவது 2016 ஆகஸ்டு மாதத்துச் சரக்கு. கோடிக்கணக்கான எளிய மக்கள் வலைத்தளங்களைத் திறந்து பார்த்தது இந்தப் பழைய சன்னல் வழியாகத்தான். காய் ஓ.எஸ்.ஸுக்கான வாட்ஸ்அப்பும் 2025-ல் நின்றுபோயிற்று. கூகுளும் ஆப்பிளும் அல்லாதது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது மோடத்துக்கு வருவோம். இதுதான் வேரின் ஆணிவேர்.

2023 மார்ச்சில் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ ஆய்வுக்குழு, சாம்சங்கின் எக்சினாஸ் மோடங்களில் 18 ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டது. அவற்றுள் நான்கு மிகக் கொடியவை. எதிராளிக்கு உங்கள் கைபேசி எண் தெரிந்தாலே போதும். நீங்கள் எதையும் தொடாமலேயே அவர் மோடத்துக்குள் நுழைந்துவிடலாம். அந்தக் கைபேசியில் என்ன இயங்குதளம் ஓடினாலும் ஒன்றுதான்; ஓட்டை அதற்குக் கீழே இருக்கிறது. சில்லு செய்தவர் திருத்திக் கொடுக்கவேண்டும், கைபேசி செய்தவர் அதை அனுப்பவேண்டும். ஆதரவு முடிந்த கைபேசியில் அந்த இரண்டும் நடக்காது. திருத்தம் வரும்வரை வைஃபை வழிப் பேச்சையும் வோல்ட்டி எனப்படும் 4ஜி வழிப் பேச்சையும் நிறுத்திவையுங்கள் என்று ஆய்வாளர்கள் அறிவுரை சொன்னார்கள். 2ஜி, 3ஜி எதுவும் இல்லாமல் 2016-ல் தொடங்கிய ஜியோ கட்டமைப்பில் இருப்பவர் வோல்ட்டியை நிறுத்தினால் என்ன ஆகும்? அழைப்பே வராது. மலைக்கிராமத்துக்கு எட்டும் ஒரே அலை அதுவானால், அறிவுரைப்படி நடப்பவர் வாய்மூடி இருக்கவேண்டியதுதான்.

அதே வோல்ட்டி மாற்று இயங்குதளங்களை வேறு விதத்திலும் வதைக்கிறது. 4ஜி வழியே பேசுவதற்கான நிரலின் பெரும்பகுதி மூடிய சரக்கு; அதற்குமேல் ஒவ்வொரு சேவை நிறுவனத்துக்கும் ஒவ்வொரு அமைப்பு. ஆகவே உபுண்டு டச் கைபேசிகளில் நெடுங்காலம் அது இல்லை. அண்மை ஆண்டுகளில்தான் சில மாதிரிகளில் மட்டும் வந்திருக்கிறது. 3ஜி மூடப்பட்டுவரும் நாட்டில், "பேச முடியாத தொலைபேசி" என்ற விந்தைப் பொருள் இப்படித்தான் உருவாயிற்று. இதைச் சொல்லாமல் "அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றது" என்று எழுதும் மதிப்புரைகளைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வேரையே புதிதாக நடலாமே என்று முயன்றவர்களும் உண்டு. பைன்ஃபோன், லிப்ரம் 5 இரண்டும் 2020-ல் பலர் கைக்குப் போய்ச்சேர்ந்தன. மூடிய இயக்கிகள் இல்லாமல் லினக்ஸ் ஓடவேண்டும் என்பது நோக்கம். அதற்கு ஏற்ற சில்லு தேடியபோது கிடைத்தவை பழைய வகை. பைன்ஃபோனின் ஆல்வின்னர் ஏ64 சில்லு 2015-ஐச் சேர்ந்தது. இரண்டு கைபேசிகளிலும் உள்ள செயலி வடிவமைப்பான கார்டெக்ஸ் ஏ53-ஐ ஆர்ம் நிறுவனம் அறிவித்தது 2012-ல். திறந்த தன்மைக்கு வேகத்தை விலையாகக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

அப்படியும் மோடத்தின் அலைப்பகுதி திறக்கவில்லை. பைன்ஃபோனின் மோடத்துக்குள்ளேயே இன்னொரு சிறிய லினக்ஸ் ஓடுகிறது! அந்தப் பகுதியை ஆர்வலர்கள் திறந்த நிரலாக மாற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் கோபுரத்தோடு பேசும் உட்பகுதி மூடியே இருக்கிறது. லிப்ரம் 5-ல் நினைவகத்தைத் தொடக்கத்தில் பதப்படுத்த ஒரு மூடிய நிரல் தேவைப்பட்டது. அதை நீக்க முடியவில்லை. தனி நினைவுச் சில்லு ஒன்றில் அதை வைத்து, துணைச் செயலி வழியே ஏற்றும்படி செய்தார்கள். முதன்மைச் செயலி அதைத் தொடுவதில்லை. எனவே விதிப்படி கைபேசி தூய்மையானது! மடி ஆசாரம் பார்க்கும் வீட்டில் புறக்கடை வழியாகச் சாமான் வருவது போல் இருக்கிறதல்லவா? இதைவிட எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த இன்னொரு காரியம். மோடத்தையும் வைஃபையையும் மைக்கையும் மின்சாரத்திலிருந்தே துண்டிக்கும் சுவிட்சுகளை வைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டியைப் பூட்டிவைக்கவாவது முடிகிறது.

இனி நம் சென்னைக்கு வருவோம். பாரோஸை உருவாக்கியது ஜேஅண்ட்கே ஆபரேஷன்ஸ் என்ற நிறுவனம், ஐ.ஐ.டி.யின் பிரவர்த்தக் அமைப்பு அதற்குத் துணைநின்றது. 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சர்கள் இருவர் அதைச் சோதித்துக் காட்டினர். நாட்டின் 100 கோடி கைபேசிப் பயனருக்கும் பயன்தரவல்லது என்று செய்தி வந்தது. அறிவிப்பில் முன்வைத்த சிறப்புகள் மூன்று. முன்கூட்டியே திணித்த செயலிகள் இல்லை. நம்பகமான செயலிகளை மட்டும் தரும் தனிக் கடை. தானே வந்து சேரும் புதுப்பிப்பு. மூன்றும் நல்லவையே. ஆனால் மூன்றும் மேல் ஒட்டைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். அந்த ஒட்டும்கூட ஆண்டிராய்டின் திறந்த மூல நிரலிலிருந்து எடுத்ததே, அதில் குற்றமில்லை. எந்தச் சில்லு, எந்தக் கெர்னல், மோடத்தின் நிலைபொருள் யாருடையது, அதற்கு எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்பவைதான் "பாதுகாப்பானது" என்ற சொல்லுக்குப் பொருள் தருபவை. விழா மேடையில் ஒலித்த "தற்சார்பு" என்ற சொல் அந்த ஆழத்துக்கு இறங்கவில்லை.

இதைப் பிறர் செய்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். ஐ.ஐ.டி. இயக்குநர் காமகோடியோ சக்தி என்ற திறந்த செயலி வடிவமைப்பை வழிநடத்தியவர். வேரின் அருமை அவரைவிட அறிந்தவர் அரிது. சக்தி வகைச் சில்லு ஒன்று 2018-ல் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் செய்யப்பட்டு லினக்சை ஓட்டிக் காட்டியது. அதே ஆண்டு சண்டிகர் ஆலையில் 180 நானோமீட்டர் முறையில் இன்னொன்று செய்யப்பட்டது. இன்றைய உயர்விலைக் கைபேசிச் சில்லுகள் 5 நானோமீட்டருக்கும் கீழே இறங்கிவிட்டன என்பதோடு ஒப்பிட்டால் தொலைவு புரியும். இருந்தாலும் தற்சார்பு என்ற பெயருக்கு நெருங்கி வருவது எது என்று கேட்டால், மேடை ஏறிய பாரோஸைவிட, சண்டிகரில் மெதுவாக நடந்த அந்த வேலையையே நான் காட்டுவேன்.

அந்த மாணவியை மறந்துவிடவில்லை. அவளுடைய ரெட்மி 2-ல் உள்ள ஸ்னாப்டிராகன் 410 சில்லு ஒரு வகையில் அதிர்ஷ்டமுள்ளது. 2017-ல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓ.எஸ். ஆர்வலர்கள் அந்தச் சில்லுக்குப் பழைய கெர்னலை விட்டொழித்து, லினக்சின் மூலக் கெர்னலையே ஓடச் செய்திருக்கிறார்கள். இது குறுக்குவழி அன்று; நடுத்தண்டையே மாற்றிய வேலை. ஒவ்வொரு கைபேசியிலும் எது ஓடுகிறது, எது பாதி ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஒளிவுமறைவின்றிப் பட்டியலும் போடுகிறார்கள். ஆனாலும் வைஃபையும் மோடமும் கேட்பது அந்தப் பழைய மூடிய நிலைபொருளைத்தான். கைபேசியில் ஏற்கெனவே இருப்பதையே எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே வங்கிக் கணக்கையும் வீட்டாரின் அழைப்புகளையும் அதில் ஒப்படைக்கச் சொல்லமாட்டேன். சிம்மைக் கழற்றிவிட்டு, பள்ளி ஆய்வுக்கூடத்தில் சேர்வராயன் மலையின் மழையளவையும் வெப்பத்தையும் பதிந்துவைக்கும் சிறு கணிப்பொறியாக அதை ஓடவிடலாம். லினக்ஸ் கட்டளைகளையும் பைத்தான் நிரலையும் அதிலேயே பழகலாம். அதற்கு அந்தப் பழைய செயலி தாராளமாகப் போதும்.