சிற்றெண்ணின் மீதான நம்பிக்கை: டேனியல் கானெமனின் நூலை மறுவாசித்தல்

திறவுச்சொற்கள்: நடத்தைசார் பொருளியல், அறிதல் சாய்வு, முன்தூண்டல், மறுசோதனை, உம்மை

முன்னுரை

மனிதர் தம் நலனைத் துல்லியமாகக் கணக்கிட்டு முடிவெடுப்பவர் என்பது மரபுப் பொருளியலின் அடிப்படை எடுகோள். இதனை உளவியல் சோதனைகளின் வழி அசைத்தவர்களுள் முதன்மையானவர்கள் டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வர்ஸ்கியும் ஆவர். அவர்கள் 1979இல் 'எகனாமெட்ரிகா' இதழில் முன்வைத்த எதிர்நோக்குக் கோட்பாடு நடத்தைசார் பொருளியலுக்கு அடித்தளம் இட்டது. கானெமனுக்கு 2002இல் பொருளியல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ட்வர்ஸ்கி 1996இலேயே மறைந்துவிட்டார். இருவரின் ஆய்வுகளையும் பிறர் ஆய்வுகளையும் தொகுத்துப் பொது வாசகருக்காகக் கானெமன் 2011இல் வெளியிட்ட 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' என்னும் நூல், இன்று பல துறைகளிலும் சான்று நூலாகவே எடுத்தாளப்படுகிறது. அந்நூல் கூறுவன அனைத்தும் ஒரே தரத்துச் சான்றுகள்தாமா என்ற வினா அதனை மேற்கோள் காட்டுவோரால் போதிய அளவு எழுப்பப்படவில்லை.

நூலின் நான்காம் இயல்

முன்தூண்டல் பற்றிய நான்காம் இயலே நூலின் மிக நலிந்த பகுதி. ஒரு சொல்லோ படமோ மனிதரின் அடுத்த செயலை அவரறியாமலே மாற்றிவிடும் என்பது அவ்வியலின் கருத்து. ஜான் பார்க் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தலையாய சான்றாகக் காட்டப்படுகிறது. முதுமையோடு தொடர்புடைய சொற்களைக் கொண்டு வாக்கியம் அமைத்த மாணவர்கள், பின்னர் நடைகூடத்தில் மெதுவாக நடந்தனர் என்பது அதன் முடிவு. இம்முடிவுகளை ஏற்பதைத் தவிர வாசகருக்கு வேறு வழியில்லை என்ற பொருள்படக் கானெமன் எழுதுகிறார். நூல் முழுவதும் ஐயத்தைப் போற்றும் ஆசிரியர் இவ்வோரிடத்தில் ஐயப்படுவதற்கே இடமில்லை என்பது வியப்பளிக்கிறது.

பார்க் குழுவினரின் அச்சோதனையில் பங்கேற்றோர் முப்பது பேர். அதனை மீளச் செய்தபோதும் அதே எண்ணிக்கைதான். பிரஸ்ஸல்ஸ் நகரில் டோயன் குழுவினர் 120 பேரைக் கொண்டு, நடைவேகத்தை அகச்சிவப்பு உணரிகளால் அளந்து, 2012இல் வெளியிட்ட மறுசோதனையில் அவ்விளைவு தென்படவில்லை. இதனினும் முக்கியமானது அவர்களின் இரண்டாம் சோதனை. பங்கேற்பாளர் மெதுவாக நடப்பர் என்று சோதனை நடத்துவோரை முன்கூட்டியே நம்பவைத்தபோது, மெதுநடை தோன்றியது. முதுமைச் சொற்களால் மட்டும் தோன்றாத விளைவு, சோதனையாளரின் எதிர்பார்ப்பும் சேர்ந்தபோது தோன்றியது.

கானெமன் இதனைப் புறக்கணிக்கவில்லை. 2012இலேயே முன்தூண்டல் ஆய்வாளர்களுக்குத் திறந்த மடல் எழுதி மறுசோதனைகளை வலியுறுத்தினார். உல்ரிக் ஷிம்மாக் முதலியோர் 2017இல் இவ்வியலின் சான்றுகளைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து அவற்றின் வலுவின்மையைக் காட்டியபோது, சிறு மாதிரிகளைக் கொண்ட ஆய்வுகள் மீது தாம் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். அவரும் ட்வர்ஸ்கியும் 1971இல் வெளியிட்ட முதல் கூட்டுக் கட்டுரையின் பொருளே சிற்றெண் விதியின் மீதான நம்பிக்கை என்பதையும் அவரே சுட்டினார். சிறிய மாதிரியும் முழுத்தொகுதியைப் போலவே அமையும் என்று பயிற்சி பெற்ற ஆய்வாளரும் கருதிவிடுகின்றனர் என்பதே அக்கட்டுரையின் முடிவு. நூலின் பத்தாம் இயல் அதனையே விரித்துரைக்கிறது. நான்காம் இயலும் பத்தாம் இயலும் ஒரே அட்டைகளுக்குள் ஒன்றையொன்று மறுத்து நிற்கின்றன.

எடுத்துரைப்பின் சிக்கல்

எனினும் சிக்கலை ஓர் இயலோடு நிறுத்திவிட இயலாது. நூலின் எடுத்துரைப்பு முறையிலேயே அது கலந்துள்ளது. மனம் ஒரு கதையின் கோவையைக் கொண்டே அதனை நம்புகிறது. சான்றுகளின் அளவையோ தரத்தையோ எண்ணிப் பார்ப்பதில்லை என்பது கானெமனின் முதன்மைக் கருத்துகளுள் ஒன்று. அவர் நூலும் வாசகரை அவ்வழியே நம்பவைக்கிறது. பன்முறை உறுதிப்பட்ட முடிவும் ஒரே ஆய்வில் கண்ட முடிவும் அதே தொனியில், அதே சுவையான நிகழ்ச்சி வடிவில் வருகின்றன.

இஸ்ரேலிய நீதிபதிகள் பற்றிய சான்று இதனைத் தெளிவாக்கும். சிறையாளரின் நிபந்தனை விடுதலை மனுக்களுள் உணவு இடைவேளையை அடுத்து ஏறத்தாழ 65 விழுக்காடு ஏற்கப்பட்டன; அடுத்த இடைவேளை நெருங்குகையில் அவ்வளவு படிப்படியாகக் குறைந்து பூச்சியத்தை எட்டியது என்று 2011இல் ஓர் ஆய்வு அறிவித்தது. பசியும் சோர்வும் இதற்குக் காரணமாகலாம் என்கிறார் கானெமன். ஆனால் மனுக்களின் வரிசை தற்செயலாக அமைவதன்று. வழக்குரைஞர் இல்லாத சிறையாளரின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் இறுதியில் வருகின்றன. அவை ஏற்கப்படும் வாய்ப்பும் இயல்பாகவே குறைவு என்று அதே ஆண்டில் மறுப்பு எழுந்தது. அம்மறுப்பை அவ்வாண்டிலேயே வெளிவந்த நூலில் எதிர்பார்ப்பது முறையன்று. பல ஆண்டுகள் கழிந்தும் அந்நிகழ்ச்சியை மட்டும் எடுத்து மறுப்பை விட்டுவிடுவோருக்கு அச்சலுகை பொருந்தாது.

நூலை முற்றாகத் தள்ளுவோரும் உளர். அதுவும் பிழையே. 1974இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான நங்கூர விளைவுச் சோதனையில், ஒரு சக்கரத்தைச் சுழற்றி 10 என்ற எண்ணைக் கண்டோர், ஐ.நா. உறுப்பு நாடுகளுள் ஆப்பிரிக்க நாடுகள் 25 விழுக்காடு என மதிப்பிட்டனர். 65ஐக் கண்டோர் 45 விழுக்காடு என்றனர். பல ஆய்வகங்கள் கூடி 2014இல் வெளியிட்ட மறுசோதனைத் தொகுப்பில் நங்கூர விளைவு வலுவாகவே நிலைபெற்றது. அதே தொகுப்பில் இடம்பெற்ற முன்தூண்டல் சோதனைகள் இரண்டும் நிலைபெறவில்லை. எதிர்நோக்குக் கோட்பாட்டின் வினாக்களை 19 நாடுகளில், 13 மொழிகளில், 4,098 பேரிடம் வைத்த 2020ஆம் ஆண்டு ஆய்விலும், விளைவின் அளவு சில இடங்களில் குறைந்ததேயன்றிக் கோட்பாடு பெரும்பாலும் நிலைத்தது.

லிண்டாவும் உம்மையும்

முடிவு நிலைத்தும் விளக்கம் ஐயத்துக்குரியதாகும் வகையும் உண்டு. 1983இன் லிண்டா வினா அத்தகையது. சமூக நீதியில் ஆழ்ந்த ஈடுபாடுடையவள் என லிண்டா அறிமுகப்படுத்தப்படுகிறாள். அவள் வங்கிக் காசாளர் என்பதைவிட, வங்கிக் காசாளரும் பெண்ணிய இயக்கத்தவரும் என்பதற்கே நிகழ்தகவு மிகுதி என்று நூற்றுக்கு 85 பேர் அளவில் விடையளித்தனர். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து நிகழ்தல் அவற்றுள் ஒன்று நிகழ்வதைவிட மிகுதியாக இயலாது என்பதால் இது பிழை என்கிறார் கானெமன். கெர்ட் கிகெரென்சர் இதனை மறுக்கிறார். பங்கேற்றோர் ஆங்கிலச் சொற்களைக் கணிதப் பொருளிலன்றி உரையாடற் பொருளிலேயே கொண்டனர் என்பது அவர் வாதம். 'நூறு பேரில் எத்தனை பேர்' என வினா மாறும்போது பிழை பெரிதும் குறைவதும் அறியப்பட்டதே.

இவ்விடத்தில் தமிழில் ஆய்வுக்கு உண்மையான இடம் இருக்கிறது. ஆங்கிலத்தின் ஒரே இணைப்புச்சொல் பல பொருள் தருவதால் எழும் குழப்பத்தைத் தமிழ் வாக்கியத்தில் பிரித்துப் பார்க்கலாம். உம்மைக்குத் தொல்காப்பிய இடையியல் எட்டுப் பொருள்களை வகுக்கிறது. 'காசாளர், பெண்ணிய இயக்கத்திலும் ஈடுபடுபவர்' என்ற எச்சவும்மைத் தொடர் ஒன்று, 'காசாளராகவும் பெண்ணிய இயக்கத்தவராகவும் இருப்பவர்' என்ற எண்ணும்மைத் தொடர் மற்றொன்று. பின்னதில் இரு பண்பும் ஒருவரிடமே சேர்வது ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படும். அதுபோலவே 'நிகழ்தகவு' என்பது பாடநூல்வழிப் பழகிய கணிதச் சொல். 'வாய்ப்பு' என்பது அன்றாட வழக்கு. இந்நான்கையும் இணைத்து நான்கு வடிவ வினாக்கள் அமைத்து, ஒவ்வொன்றையும் முப்பது பேரிடம் அல்லாமல் சில நூறு பேரிடமேனும் வைத்துச் சோதித்தல் வேண்டும். எண்ணும்மையும் நிகழ்தகவும் அமைந்த வடிவத்திலும் பிழை 85 விழுக்காட்டை ஒட்டியே நின்றால் கானெமனின் விளக்கம் வலுப்பெறும். அங்கு மட்டும் கணிசமாகக் குறைந்தால், இதுவரை அறிதல் சாய்வு எனப்பட்டதில் ஒரு பகுதி வினா எழுதப்பட்ட மொழியைச் சார்ந்தது என்று கொள்ள நேரும்.