நடுவில் நிற்கும் முள்

கார் எஞ்சின் ஓவர்ஹீட் ஆகுது என்று பட்டறைக்குப் போனால் நம்ம ஊரில் பெரும்பாலும் மூன்று மருந்துதான் கிடைக்கும். தண்ணி ஊத்துறது, தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டி எறியுறது, ஃபேனுக்கு டைரக்ட் கனெக்‌ஷன் கொடுக்கிறது. மூன்றுமே சில நேரம் வேலை செய்யும். அதனால்தான் மூன்றும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இந்த மருந்துகளையும், டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளையும் விமர்சிக்கத்தான் இந்தப் பதிவு. என் சொந்தக் காசு 41,000 ரூபாய் இதில் போயிருக்கிறது. கொஞ்சம் காட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் பெங்களூர் டிராஃபிக்கில் முள் நடுவைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஏறும், வண்டி நகர்ந்தால் இறங்கிவிடும். வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். தெர்மோஸ்டாட்டைக் கழட்டினார்கள், பழைய கூலன்ட்டை இறக்கினார்கள், போர் தண்ணி ஊற்றினார்கள். "நம்ம கிளைமேட்டுக்கு இந்த வால்வே தேவையில்ல சார்" என்றார்கள். 600 ரூபாய். என் ஆபீஸ் ஏழு கிலோமீட்டர். அதற்குப் பிறகு முள் நடுவைத் தாண்டவே இல்லை. பக் க்ளோஸ்டு.

அதே சமயத்தில் ஏசியிலும் ஒரு தொல்லை. ஓடும்போது ஜில்லென்று இருக்கும், சிக்னலில் வெதுவெதுப்பாக வரும். அதற்கு வேறொரு கடையில் கேஸ் ஃபில் பண்ணினார்கள். அது தனி பக், தனி டிக்கெட்.

அடுத்த மே மாதம் நாமக்கல் போய்விட்டுத் திரும்பினேன். போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கம், தப்பித்துவிட்டேன். திரும்பும்போது ஏற்றம். முன்னால் லோடு லாரிகள், இரண்டாம் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன். முள் ஏறியது, சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்ட இடம் தேடுவதற்குள் முள் தானாகவே சரசரவென்று இறங்கிவிட்டது. "அப்பாடா, ஆறிடுச்சு" என்று தொடர்ந்து ஓட்டினேன். மூன்று கிலோமீட்டர் தாண்டி எஞ்சின் நின்றது. ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட் வளைஞ்சு போச்சு.

எஞ்சின் ஆறவே இல்லை. தண்ணீர் கொதித்து வெளியே போயிருந்தது. சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சரியாகச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் அதைச் சுற்றி வெறும் ஆவியும் காற்றும்தான். உலோகத்தின் சூட்டை அதுகிட்ட கொண்டு போய்ச் சேர்க்க ஆளில்லை. அதனால் குறைவாகக் காட்டும். எஞ்சின் சாகும் நேரத்தில் முள் "எல்லாம் நலம்" என்றது.

முள்ளைப் பற்றி

1910களில் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற கருவி பிரபலமாக இருந்தது. ரேடியேட்டர் மூடிமேலேயே நிற்கும் தெர்மாமீட்டர். சீட்டில் உட்கார்ந்தபடியே ஓட்டுநர் அதைப் பார்ப்பார். பிறகு அது டாஷ்போர்டுக்கு வந்தது, முள்ளாக மாறியது. இன்றைக்குப் பல கார்களில் அந்த முள் உண்மையான சூட்டைக் காட்டுவதில்லை. தோராயமாக 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள்ளை நடுவிலேயே நிறுத்தி வைக்கிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். முள் ஆடினால் ஓட்டுபவர் பயப்படுவார், சர்வீஸ் சென்டருக்கு ஓடி வருவார் என்ற எண்ணம்.

மென்பொருள்காரனாக இது எனக்கு நன்றாகவே புரியும். தேவையில்லாத அலர்ட் அடித்துக்கொண்டே இருந்தால் யாரும் அலர்ட்டைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அலர்ட்டை அமைதிப்படுத்துவது வேறு, லாகையே அழிப்பது வேறு. விளக்கு எரியும் வரம்பை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளட்டும். 88-க்கும் 104-க்கும் உள்ள வித்தியாசத்தை மறைக்கும் முள்ளால் யாருக்கு என்ன பிரயோஜனம்? சில புதிய கார்களில் முள்ளே இல்லை, ஒரு விளக்கு மட்டும்தான். அதாவது பொய் சொல்வதிலிருந்து பேசாமல் இருப்பதற்கு முன்னேறியிருக்கிறோம்.

வால்வைப் பற்றி

தெர்மோஸ்டாட் ரொம்ப எளிமையான சாமான். உள்ளே மெழுகு. சுமார் 82 முதல் 88 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் கொண்டுவந்த வடிவமைப்பு. கரண்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

இது குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்பது தவறு. எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வராவிட்டால் கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த எஞ்சினாகவே நினைத்து பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கும். இன்னொன்றும் உண்டு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் பாதையை அடைக்கும். அப்படிப்பட்ட எஞ்சினில் அதைக் கழட்டினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கம் போகாமலேயே திரும்பி வரும். சூட்டைக் குறைக்கக் கழட்டியது சூட்டைக் கூட்டும்.

எதிர்த்தரப்பிலும் ஒரு கட்டுக்கதை உலாவுகிறது: வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடுவதால் சூட்டை இழக்க நேரம் இருக்காதாம். இதுவும் தப்பு. ஓட்டம் கூடினால் வெப்பக் கடத்தல் கூடத்தான் செய்யும். சரியான முடிவுக்குத் தவறான காரணம் சொன்னால் அடுத்த கேஸில் மாட்டிக்கொள்வோம்.

என் காரில் என்ன நடந்தது? வால்வு இல்லாததால் எஞ்சின் சூடேற நேரம் பிடித்தது. சூடேறி முடிப்பதற்குள் ஏழு கிலோமீட்டர் முடிந்துவிடும். நோய் அப்படியே இருந்தது, அறிகுறி மட்டும் தள்ளிப்போனது.

தண்ணியைப் பற்றி

நியாயமாகச் சொன்னால், வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிட நன்றாகவே சூட்டை வாங்கும். பிரச்சினை வேறு இடத்தில். ரேடியேட்டர் மூடி ஒரு பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் கொதிப்பது சுமார் 120 டிகிரியில், பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை என்றால் 129 பக்கம். மலை ஏற்றத்தில் அந்த ஒன்பது டிகிரி பெரிய விஷயம். போர் தண்ணீர் என்றால் உப்புப் படிவமும் சேரும். அதுவும் எஞ்சினில் எங்கே அதிகச் சூடோ அங்கேதான் முதலில் படியும். துருவைத் தடுக்கும் மருந்தும் அதில் கிடையாது.

எப்போது சூடாகிறது?

வண்டியை தர்மபுரியில் ஒரு பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். அங்கிருந்த பெரியவர் பானட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, எப்ப சூடாகும்? நிக்கறப்பவா, ஓடறப்பவா, ஏத்தத்துலயா, இல்ல காலையில ஸ்டார்ட் பண்ணின உடனேவா?" சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நிக்கறப்ப ஏசி ஜில்லுனு வருமா?" என்றார். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒரு வருஷம் தாமதமாக.

நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் எதிர்க்காற்று இல்லாதபோது குளிர்விக்க ஆளில்லை என்று அர்த்தம். ஃபேன், ரிலே, வயரிங் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏசி கண்டென்சருக்கும் அதே ஃபேன்தான். அதனால்தான் ஏசியும் சிக்னலில் படுத்தது. லாரிக்குப் பின்னால் மலை ஏறுவதும் ஏறக்குறைய சிக்னலில் நிற்கிற மாதிரிதான், கூடவே முழு லோடு. பெரியவர் ஃபேன் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. இரண்டு டிக்கெட், ஒரே பக்.

இதுவே மாறி இருந்தால்? ஊருக்குள் சரி, ஹைவேயில் வேகமாகப் போனால் சூடு என்றால் தண்ணீர் ஓட்டத்தைச் சந்தேகப்பட வேண்டும்: உள்ளே அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட். ஸ்டார்ட் பண்ணின சில நிமிடத்திலேயே சூடு என்றால் மூடியபடி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட், அல்லது கேஸ்கெட் வழியாக எரிவாயு தண்ணீரில் கலப்பது. முள் மேலே நிற்கும்போது ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று வருகிறதா? தண்ணீர் குறைவு அல்லது ஏர் லாக்.

இதில் எதற்குமே ஸ்பேனர் தேவையில்லை. கேள்விதான் வேண்டும். மூன்று மருந்துகள் மீதும் என் முக்கியமான குற்றச்சாட்டு இதுதான்: அவை "எப்போது" என்ற தடயத்தை அழித்துவிடுகின்றன. ஃபேனை டைரக்ட் பண்ணியிருந்தால் என் கேஸில் ஹெட் தப்பித்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கருகிய பின் வழியாகவே கரண்ட் நாள் முழுக்க ஓடியிருக்கும்.

பட்டறையை மட்டும் திட்டினால் நியாயமில்லை. "சிக்னலில் மட்டும்தான் சூடாகுது" என்று நான் அவர்களிடம் சொல்லவே இல்லை. "ஓவர்ஹீட் ஆகுது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆபீஸில் ஜூனியர் யாராவது "வேலை செய்யல" என்று மட்டும் பக் ரிப்போர்ட் எழுதினால் திருப்பி அனுப்புகிறவன் நான்.

ஹெட் ஃபேசிங், கேஸ்கெட், புது தெர்மோஸ்டாட், கூலன்ட், கனெக்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. கூடவே ஒரு ஓ.பி.டி. டாங்கிள் வாங்கினேன். அதில் கூலன்ட் சூடு ஒரே பைட்டாக வருகிறது, 40-ஐக் கழித்தால் டிகிரி செல்சியஸ். போன மாதம் அதே தொப்பூர் ஏற்றம், அதே மாதிரி லாரிகள். 91, 95, 98. ஃபேன் சத்தம் கேட்டது. 94-க்கு இறங்கியது. மறுபடி 98, மறுபடி ஃபேன்.

முள் மட்டும் ஏற்றம் முடியும் வரை நடுவிலேயே நின்றது.