திறந்தவெளி பிடிக்குமா?

"இந்தத் தேர்வு பொய் சொல்லாது. உங்கள் பிள்ளையின் இயல்பை அப்படியே எடுத்துக் காட்டும்." தூத்துக்குடியில் பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டம் ஒன்றில் தொழில் வழிகாட்டுநர் ஒருவர் அடித்துச் சொன்னது இது. ஆளுமைத் தேர்வு எழுதவைத்து, பிள்ளையை ஒரு வகையில் சேர்த்து, அதற்கேற்ற தொழில்களைப் பட்டியலிட்டுத் தரும் வழக்கம் இப்போது வேகமாகப் பரவுகிறது. எனக்கு அவரோடு உள்ள சண்டை ஒரே சொல்லில்தான்: இயல்பு.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துப் பிள்ளையைப் பொறியியலில் தள்ளுவதைவிட, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்பது மேல். இதை மறுக்கவில்லை. 1959இல் ஜான் ஹாலண்ட் வகுத்த ஆறு ஆளுமை வகைகளுக்குப் பின்னால் உண்மையான உழைப்பு இருக்கிறது. விருப்பத்தோடு ஒத்துப்போகும் வேலையில் மனநிறைவு கூடும் என்பதும் ஓரளவு உண்மைதான். அந்தத் தொடர்பு சன்னமானது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஆனால் கேள்வித்தாளைப் பாருங்கள். "திறந்தவெளியில் வேலை செய்யப் பிடிக்குமா?" பெருநகர அடுக்ககத்தில் வளர்ந்த பிள்ளைக்குத் திறந்தவெளி என்றால் மலையேற்றம். முத்தையாபுரத்தில் உப்பளத் தொழிலாளியின் மகளுக்கு? விடியுமுன் அம்மா அளத்துக்குக் கிளம்புவது. வெயில் ஏற ஏற வெள்ளைப் பாத்தியில் கண் கூசுவது. உப்புநீரில் ஊறிப் பாதம் வெடிப்பது. ஐப்பசி மழை இறங்கினால் கூலி நின்றுபோவது. அவள் "பிடிக்காது" என்று குறித்தால் அலுவலக நாற்காலி ஏற்றது என்று அறிக்கை வரும். "பிடிக்கும்" என்றால் உடலுழைப்புத் தொழில்கள் வரும். இரண்டிலும் அவள் தன்னைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. அம்மாவின் காலைப் பற்றித்தான் சொன்னாள்.

பவளப்பாறைகளை ஆராயப் படகேறுவதும் திறந்தவெளி வேலைதான். 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் அழகர்சாமி இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்து விளைவித்துக் காட்டினார். 1977 முதல் இங்கே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. அதன் வாசலைக்கூட அந்தப் பெண் மிதித்ததில்லை. கண்ணால் பாராததை அவள் எப்படி விரும்புவாள்?

பிறவிக் குணம் என்று இவர்கள் சொல்வதில் பெரும்பகுதி வேலை கற்றுக்கொடுத்தது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒருவர் குளிகல்லோடு இறங்கி மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார். இன்னொருவர் கயிற்றின் ஒரு சிறு அசைவுக்காக மேலே காத்திருப்பார். கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்று கரையில் இன்றும் சொல்வார்கள்; பார்த்தது உறவை, குணத்தை அல்ல. நிதானமாகப் பிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்தா கடலுக்குள் இறக்கினார்கள்? பதறினால் மூச்சு சீக்கிரம் தீர்ந்துபோகும். அதைக் கடல் கற்றுக்கொடுத்தது. திரேஸ்புரத்துச் சங்குக்குளியாட்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆளை அறி, தொழிலை அறி, இரண்டையும் பொருத்து என்று தொழில் வழிகாட்டலுக்கு வழிவகுத்தவர் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908இல் பாஸ்டனில் அதற்காகவே ஒரு நிலையம் திறந்தார். அதே 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி.யின் துணையோடு வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றார்கள். அந்த வேலை தங்கள் ஆளுமைக்குப் பொருந்துகிறதா என்று அவர்கள் பார்க்கவில்லை. மனிதருக்குப் பொருந்தும்படி வேலையை மாற்றினார்கள். வ.உ.சி.யையே எடுத்துக்கொள்ளுங்கள்: வக்கீல், கப்பல் கம்பெனி நடத்தியவர், தொழிலாளர் தலைவர், சிறையிலிருந்து வந்த பின் குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தவர். அவரைப் பதினைந்து வயதில் உட்காரவைத்து எந்த வகையில் அடைத்திருப்பார்கள்?

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த கல்வித் திட்டத்தைத் தமிழ்நாடு குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. அரை நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில். காமராசர் முதல்வரான 1954இல் அது கைவிடப்பட்டது. அன்று பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், எதிர்க்க முடிந்தது. இன்று வீட்டையும் தெருவையும் கூலியையும் அளந்துவிட்டு, வந்த விடைக்குப் பிள்ளையின் இயல்பு என்று பெயர் வைக்கிறார்கள். அதைப் பெற்றோர் பணம் கட்டி வாங்கிப் போகிறார்கள். இந்த ஒப்பீடு மிகையானது, வழிகாட்டுநர்களின் நோக்கம் நல்லது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். பதினைந்து வயதுப் பெண்ணிடம் "நீ இந்த வகை" என்று அச்சடித்த தாளை நீட்டிய பிறகு, அவள் கண்ணில் வேறு எந்தக் கதவும் படாது. ஒப்பீட்டை நான் தளர்த்தப்போவதில்லை.

அந்தக் கட்டணங்களைச் சேர்த்து ஒரு வேன் பிடியுங்கள். பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏறுவதை ஒரு நாள், வ.உ.சி. துறைமுகத்தில் கிரேன் இயக்குவதை ஒரு நாள், மீன்வளக் கல்லூரியின் ஆய்வகத்தில் ஒரு நாள், நீதிமன்றத்தில் ஒரு நாள் என்று பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். அங்கே வேலை செய்பவர்களோடு பேசவிடுங்கள். கேள்வித்தாளை அதற்குப் பிறகு கொடுங்கள்.