வசந்தவல்லியும் சிங்கியும்: குற்றாலக் குறவஞ்சியில் ஆட்டத்திறனும் பாவமும்

திருக்குற்றாலக் குறவஞ்சி, தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய நாடக இலக்கியம். ருக்மிணி தேவி 1944இல் இதைக் கலாக்ஷேத்ராவின் நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். பரதம் பயிலும் இளம்பெண்களுக்கு இதன் இரு பெண் பாத்திரங்களும் இரு வேறு சோதனைகள்.

வசந்தவல்லி பந்தாடும் பகுதி நிருத்தத்துக்கென்றே வாய்த்தது. சந்தம் விரைகிறது. அரைமண்டி தளராமல், காலம் பிசகாமல், கையில் இல்லாத பந்தைத் தட்டிக்கொண்டே சுழல வேண்டும். நல்ல பயிற்சி உள்ள பதினைந்து வயதுப் பெண் இதில் கைத்தட்டலை அள்ளிவிடலாம். ஆனால் பல ஆட்டங்களில் அடவு தெரிகிறது, பந்து தெரிவதில்லை. பந்தின் போக்கைக் காட்டுவது கண். அது அவையினர் மேலேயே நின்றுவிட்டால், கால் எவ்வளவு விரைந்தும் பயனில்லை.

இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. பந்தாடிக்கொண்டிருக்கும்போதுதான் வசந்தவல்லி உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு மனம் இழக்கிறாள். அந்த வேகம் அவள் இழக்கப்போகும் கவலையின்மை; வெறும் திறமைக் காட்சியல்ல. தீர்மானத்தைக் கச்சிதமாக முடித்து, மூச்சு வாங்கி, அதன் பிறகு காதல் முகத்தை எடுத்து அணிந்துகொண்டால் நாடகம் அங்கேயே அறுந்துவிடுகிறது.

சிங்கிக்கு அடவுகள் குறைவு. கூடையும் மாத்திரைக்கோலும் ஏந்தி வந்து அவள் மலையைச் சொல்கிறாள். குரங்குகளும் அருவியும் மூலிகை தேடும் சித்தர்களும் வெறும் மேடையில் எழ வேண்டும். அருவி என்றதும் இரு கைகளையும் மேலிருந்து கீழே இறக்குவது மாணவியர் வழக்கம். குற்றாலத்துப் பேரருவி அப்படி விழுவதில்லை. பாதி உயரத்தில் பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி, மீண்டும் இறங்குகிறது. ஒருமுறை சாரல் காலத்தில் போய் அதன் முன் நின்ற பெண்ணின் கை தானாகவே இடையில் தயங்கும்.

திறனையும் பாவத்தையும் தனித்தனியே மதிப்பிடும் சிக்கல் பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கிலும் உண்டு. அங்கே தாவல்களுக்கு ஒரு மதிப்பெண், ஆட்டத்தின் அழகுக்கும் அமைப்புக்கும் வேறொன்று. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அலெக்சாண்ட்ரா ட்ருசோவா நீள்சுற்றில் ஐந்து நான்கு-சுழற்சித் தாவல்கள் செய்து அச்சுற்றில் 177.13 பெற்றார். 175.75 பெற்ற அன்னா ஷெர்பகோவாவே மொத்தக் கணக்கில் 255.95க்கு 251.73 என்று தங்கம் வென்றார். நான்கு-சுழற்சித் தாவல் ஒன்றுகூடச் செய்யாத கவோரி சகமோட்டோவுக்கு வெண்கலம். அதே ஆண்டு மூத்தோர் பிரிவில் ஆடுவோருக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து படிப்படியாக 17 ஆக்க முடிவாயிற்று.

குறவஞ்சி இப்படிக் கணக்கிட இடம் தருவதில்லை. வசந்தவல்லியின் பாவம் வேகத்துக்குள்ளேயே இருக்கிறது. சிங்கியின் பாவத்துக்கும் திறன் வேண்டும். அது காலில் இல்லை, பொறுக்கும் நிதானத்தில் இருக்கிறது. முதல் பாத்திரத்தைத் தேர்ந்த மாணவிக்கும் இரண்டாவதைத் தேறாத மாணவிக்குமாகப் பிரித்துத் தரும் வழக்கம் சிங்கிக்கு இழைக்கும் அநீதி. இறுதியில் சிங்கன் அவள் அணிகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் சந்தேகத்தோடு கேட்க, அவள் எந்த ஊரில் குறி சொல்லிப் பெற்றது என்று விடை சொல்கிறாள். தன் தொழிலால் ஈட்டிய பெருமிதம், கணவனைச் சீண்டும் குறும்பு, நெடுநாள் பிரிவின் ஏக்கம் மூன்றும் ஒரே விடையில் வர வேண்டும். நடனம் அங்கே ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆடுபவள் தப்பிக்க அடவு கிடையாது.